பன்றி முதல் செம்மறி வரை: ஐரோப்பியப் பனிக்கால ஓவியத்தின் கதை

ஐரோப்பிய ஓவியத்தில் பனிக்காலம் முதலில் இடம்பிடித்தது நாட்காட்டிகளில்தான். இடைக்காலத்துச் செப நூல்களின் தொடக்கத்தில் திருநாள்களைக் குறிக்கும் நாட்காட்டி ஒன்று இருக்கும். மாதத்துக்கு ஒரு படமாக, அந்தந்த மாதத்தில் குடியானவர்கள் செய்யும் வேலையை அதில் வரைந்தார்கள். பிரான்சின் ஷார்த்ர், அமியேன் பேராலயங்களில் இதே பன்னிரு மாத வேலைகள் கல்லில் செதுக்கப்பட்டிருக்கின்றன. கோடையில் புல் அறுப்பும் கதிர் அறுப்பும் நடக்கும். நவம்பர் பிறந்தால் ஓக் மரத்தடியில் ஒருவன் கோலால் கொட்டைகளை உதிர்த்துப் பன்றிகளுக்குப் போடுவான். டிசம்பரில் அந்தப் பன்றி அறுபடும். ஜனவரியில் விருந்து, பிப்ரவரியில் அடுப்பருகே கால் நீட்டிக் குளிர்காய்தல். இத்தனையிலும் பனியைக் காண்பது அரிது. நெருப்பையும் பன்றியையும் காட்டினாலே பார்ப்பவருக்குக் குளிர்காலம் புரிந்துவிட்டது.

இந்தப் படங்களில் மாட்டையோ குதிரையையோ விடப் பன்றி முந்திக்கொண்டதற்குக் காரணம் உண்டு. வடக்கு ஐரோப்பாவில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை மேய்ச்சல் கிடையாது. கோடையில் அறுத்துக் காயவைத்த புல்லை வைத்தே கால்நடைகளைக் காப்பாற்ற வேண்டும். இலையுதிர்காலத்தில் எல்லாக் கால்நடைகளையும் கொன்றுவிடுவார்கள் என்று சில பழைய நூல்கள் சொல்வது மிகை. உழவு எருதையும் கறவைப் பசுவையும் எந்தக் குடியானவரும் அப்படி இழக்கமாட்டார். இருக்கும் புல் அவற்றுக்கே போகும். பன்றி ஏர் இழுக்காது, பால் கறக்காது, உரோமமும் தராது. இறைச்சிக்கும் கொழுப்புக்குமே அதை வளர்த்தார்கள். காட்டில் ஓக் கொட்டை கிடைக்கும்வரை செலவில்லாமல் கொழுக்கும். கொட்டை தீர்ந்ததும் அதற்குப் போட வீட்டில் எதுவும் இருக்காது. குளிர் இறங்கிய பிறகு அறுத்தால், உப்பு ஏறும்வரை இறைச்சி கெடாமலும் இருக்கும். ஆக, டிசம்பரில் பன்றி அறுப்பது ஒரு குடும்பம் வசந்தம்வரை தாக்குப்பிடிப்பதற்கான ஏற்பாடு.

பனியே படத்துக்குள் வந்தது 1400ஐ ஒட்டிய ஆண்டுகளில். வட இத்தாலியில் ட்ரெண்டோ நகரத்து ஆயரின் கோட்டைக் கோபுரம் ஒன்றில் மாதங்களைச் சுவரோவியமாகத் தீட்டினார்கள். அதன் ஜனவரிப் படத்தில் அரண்மனை வாசலில் சீமான்களும் சீமாட்டிகளும் பனியை உருட்டி ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாடுகிறார்கள். பனி இங்கே பெரிய இடத்துப் பொழுதுபோக்கு.

அந்தப் பனிக்குள் குடியானவரையும் கால்நடையையும் கொண்டுவந்தவர்கள் லிம்பூர்க் சகோதரர்கள் மூவர். நெதர்லாந்தின் நைமேகன் ஊரைச் சேர்ந்த இவர்கள், பிரெஞ்சு அரச குடும்பத்துப் பெரி கோமகனுக்காக 1412 வாக்கில் ஒரு செப நூலைத் தீட்டத் தொடங்கினார்கள். வேலை முடியவில்லை, 1416இல் கோமகனும் இறந்தார், சகோதரர் மூவரும் இறந்தார்கள். பாரிசுக்கு அருகே ஷாந்தியி நகரின் கோந்தே அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த நூலின் பிப்ரவரிப் பக்கம், ஐரோப்பிய ஓவியத்தின் பெயர்பெற்ற முதல் பனிக்கால நிலக்காட்சிகளில் ஒன்று.

ஏறத்தாழ 29 சென்டிமீட்டர் உயரமும் 21 சென்டிமீட்டர் அகலமும் மட்டுமே உள்ள அந்தப் பக்கத்தில் ஒரு பண்ணை முழுவதும் அடங்கியிருக்கிறது. இடப்பக்கம் வீட்டின் முன்சுவரை ஓவியர்கள் எடுத்துவிட்டார்கள். உள்ளே நெருப்பின் முன் வீட்டுக்காரியும் பணியாள்களும் உடையைத் தூக்கிக் காலைச் சூடுபடுத்துகிறார்கள். பணியாள்கள் கொஞ்சம் அதிகமாகவே தூக்கிவிட்டார்கள். வெளியே பட்டியில் செம்மறிகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. தேனீக்கூடைகளின் தலையில் பனி குவிந்திருக்கிறது. முற்றத்தில் பறவைகள் இரை பொறுக்குகின்றன. போர்வையால் தலையை மூடிய ஒரு ஆள் வாயருகே கையை வைத்து ஊதிக்கொண்டு வீடு நோக்கி வருகிறார். சற்றுத் தள்ளி ஒருவர் மரம் வெட்டுகிறார். மேலே, மேட்டுப் பாதையில், பொதி ஏற்றிய கழுதையை ஒருவர் தொலைவில் தெரியும் ஊரை நோக்கி ஓட்டிப்போகிறார். பின்னாளில் நூற்றுக்கணக்கான ஓவியங்களில் திரும்பத் திரும்ப வரப்போகும் ஆளும் விலங்கும் இந்த இருவர்தாம். அதே நூலின் வேறு பல மாதங்களில் பின்னணியாக நிற்கும் அரண்மனைகள் இந்தப் பக்கத்தில் இல்லை. கதகதப்பான அறையில் விலையுயர்ந்த ஏட்டைப் புரட்டும் ஒருவருக்காகக் குடியானவரின் குளிர் வரையப்பட்டது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பனிக்கால ஓவியத்தை விலை கொடுத்து வாங்கியவர்கள் பெரும்பாலும் குளிரில் நிற்காதவர்களே.

ஏட்டிலிருந்து பெரிய மரப்பலகைக்கு இந்தக் காட்சியை மாற்றியவர் மூத்த பீட்டர் புரூகல். ஆண்ட்வெர்ப் நகர வணிகர் நிக்கோலாஸ் யோங்கெலிங்க் வீட்டுக்காக 1565இல் அவர் ஆண்டின் பருவங்களை வரிசையாகத் தீட்டினார். ஐந்து படங்கள் எஞ்சியிருக்கின்றன; மூன்று வியன்னாவிலும், ஒன்று பிராகிலும், ஒன்று நியூயார்க்கிலும் உள்ளன. ‘பனியில் வேட்டைக்காரர்கள்’ அந்த வரிசையின் குளிர்காலம். ஓக் பலகையில் 117 சென்டிமீட்டர் உயரமும் 162 சென்டிமீட்டர் அகலமும் உள்ள படம் அது.

இதைப் பார்ப்பவர்களின் கண் வேட்டைக்காரர்களோடு சரிவில் இறங்கி, உறைந்த குளத்தில் விளையாடும் மனிதர்களிடம் போய்விடும். இடது ஓரத்து விடுதி வாசலைப் பலரும் கவனிப்பதில்லை. ஒரு கொக்கி கழன்று தொங்கும் பெயர்ப்பலகையின் கீழே சிலர் வைக்கோலைக் கொளுத்துகிறார்கள். அறுத்த பன்றியின் மயிரைப் பொசுக்குவதற்கான ஏற்பாடு அது. வைக்கோல் தீ சட்டென்று எழுந்து அடங்கும். தோல் வெந்துபோகாமல் மயிர் மட்டும் கருகும். வேட்டைக்குப் போனவர்கள் கொண்டுவந்ததோ ஒரே ஒரு நரி. நாய்கள் தலை தொங்கி வருகின்றன. காடு கைவிட்ட நாளில் ஊரின் வயிற்றுக்கு வீட்டுப் பன்றியே வழி என்பது அந்த ஓரத்தில் சொல்லப்பட்டிருக்கிறது. நாட்காட்டியின் டிசம்பர் வேலையைப் புரூகல் தூக்கி எறியவில்லை. படத்தின் நடுவிலிருந்து எடுத்து ஓரத்தில் வைத்தார், அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டே, 1566இல், ‘பெத்லகேமில் குடிக்கணக்கு’ படத்தில் பன்றியை மறுபடி முன்னுக்குக் கொண்டுவந்தார். இப்போது பிரசெல்சில் உள்ள அந்தப் படத்தில் விவிலியக் கதை ஒரு பிளெமிஷ் ஊரின் பனியில் நடக்கிறது. பெயர் பதிய வந்த கூட்டம் விடுதி வாசலை மொய்க்கிறது. அருகே பன்றி அறுபடுகிறது, ஒரு பெண் சட்டியை நீட்டி இரத்தத்தைப் பிடிக்கிறாள். இரத்தமும் வீணாகக் கூடாது, அது இரத்தத் தொத்திறைச்சிக்குப் போகும். கழுதைமேல் போர்த்திக்கொண்டு வரும் மரியாளும், தோளில் வாள்ரம்பத்தோடு முன்னே நடக்கும் யோசேப்பும், கூடவே வரும் எருதும் கூட்டத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத மூவராக வருகிறார்கள். மரபான கிறிஸ்து பிறப்புப் படத்தில் தொழுவத்தில் நிற்கும் கழுதையும் எருதும் இங்கே பனிப் பாதையில் நடக்கின்றன. இந்தப் படம் மிகவும் விரும்பப்பட்டது. ஓவியரின் மகன் இளைய பீட்டர் புரூகல் இதைப் பலமுறை பிரதி எடுத்து விற்றார்.

1564-65 குளிர்காலம் கடுமையாக இருந்தது. அதனால்தான் பனி ஓவியங்கள் பிறந்தன என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. குளிர் ஒரு தூண்டுதலாக இருந்திருக்கலாம். ஆனால் மாத வேலைகளைத் தீட்டும் பழக்கம் அதற்கு முன்பே பல தலைமுறை கண்டது. பணம் படைத்த நகர வணிகர்கள் சாப்பாட்டு அறைக்குப் படம் கேட்டது புதிது. வானிலையைவிடச் சந்தைக்கு இதில் பங்கு கூடுதல் என்றே தோன்றுகிறது.

பனியைத் தீட்டுவது தொழில்நுட்பமாகவும் கடினம். வெள்ளைக்கு ஐரோப்பியர் நம்பியது ஈய வெள்ளையை. அதை அப்படியே அப்பினால் பனி சுண்ணாம்புச் சுவராகிவிடும். புரூகல் பலகைக்கு வெண்சுண்ணப் பூச்சுக் கொடுத்து, அதன்மேல் மெல்லிய வண்ணப் படலங்களை ஏற்றினார். அடியிலுள்ள வெளிச்சம் மேலே கசிந்து வரும். வானத்தையும் உறைந்த குளத்தையும் ஒரே பச்சைச் சாம்பலில் தீட்டியதால்தான் அவருடைய வெள்ளை குளிர்கிறது. சீன ஓவியர்கள் இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்திருந்தார்கள். பனியைத் தீட்டாமல் பட்டுத்துணியை வெறுமையாக விட்டு, சுற்றியுள்ள வானத்தை மையால் மங்கலாக்குவார்கள். விட்ட இடம் பனியாகிவிடும். தென் சோங் காலத்து லீ தீ தீட்டிய, பனியில் மாட்டோடு வீடு திரும்பும் ஆள்களைக் காட்டும் சிறு படங்கள் அந்த மரபில் வந்தவை. ஜப்பானின் நாரா நகரத்து யமாதோ புன்காகான் அருங்காட்சியகத்தில் இருக்கும் அவை அந்நாட்டின் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டவை. புரூகலுக்கு ஏறத்தாழ நானூறு ஆண்டு முந்தியவை என்பதால், பனியில் ஆளையும் மாட்டையும் சேர்த்து வரைந்த பெருமையை ஐரோப்பாவுக்கே கொடுத்துவிட முடியாது.

பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்தில் பனிக்காட்சி தனியொரு பிரிவாகவே வளர்ந்தது. காம்பன் நகரத்து ஹெந்திரிக் ஆவர்காம்ப் வாய் பேசாதவர். உறைந்த ஆற்றில் ஊரே சறுக்கி விளையாடுவதைத் தீட்டிப் பெயர் பெற்றார். அவர் படங்களில் குதிரை, வசதியானவர்களின் அலங்காரச் சறுக்குவண்டியை இழுக்கும். ஹார்லமின் ஐசக் வான் ஓஸ்டாட பார்த்தது வேறு குதிரையை. உறைந்த கால்வாயிலிருந்து கரை மேட்டுக்குச் சுமைவண்டியை ஏற்றத் திணறும் குதிரையும் அதை அதட்டும் வண்டிக்காரரும் அவர் படங்களில் திரும்பத் திரும்ப வருகிறார்கள். 28 வயதில் இறந்த ஓஸ்டாடவிடம் உழைப்பின் எடை தெரிகிறது. ஆவர்காம்பிடம் அது தெரியாது.

பன்றி அடுத்ததாகத் தலைகாட்டியது எதிர்பாராத இடத்தில், ஸ்பெயின் இளவரசரின் சாப்பாட்டு அறைக்கான ஏற்பாட்டில். மத்ரித் அருகே எல் பார்தோ அரண்மனையின் அந்த அறைக்காகப் பிரான்சிஸ்கோ கோயா 1786-87இல் நான்கு பருவங்களையும் மாதிரி ஓவியமாகத் தீட்டினார். அவற்றைப் பார்த்து நெசவாளர்கள் சித்திரத் திரைச்சீலை நெய்ய வேண்டும். குளிர்காலம் என்றால் நெருப்பருகே ஒரு கிழவனை உட்காரவைப்பது அதுவரை அரண்மனை வழக்கம். கோயா வரைந்ததோ பனிப்புயல். மூன்று ஏழைகள் போர்வையைத் தலையோடு இழுத்துப் பிடித்து, ஒருவரையொருவர் ஒட்டிக்கொண்டு நடக்கிறார்கள். முன்னால் ஒரு நாய் வாலைக் காலிடுக்கில் வைத்து நிற்கிறது. பின்னால், நன்றாக உடுத்திய இரண்டு ஆள்களோடு வரும் பொதி விலங்கின் முதுகில், வயிறு பிளந்த முழுப் பன்றி கிடக்கிறது. யாரோ ஒரு செல்வர் வீட்டு அடுக்களைக்குப் போகும் பன்றி அது. முன்னால் நடக்கும் மூவர் கையில் எதுவும் இல்லை. சாப்பாட்டு அறைக்கு இப்படியொரு படத்தைக் கொடுக்கத் துணிச்சல் வேண்டும். 1788 டிசம்பரில் மன்னர் மூன்றாம் கார்லோஸ் இறந்ததோடு அந்த அலங்காரத் திட்டமும் நின்றது. மாதிரி ஓவியம் இப்போது மத்ரிதின் பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பனியில் நிற்கும் விலங்கின் பொருள் மாறியது. உணவாகவும் சுமைதூக்கியாகவும் இருந்தது இப்போது ஒரு வீட்டின் கடைசிச் சொத்தாகக் காட்டப்பட்டது. குஸ்தாவ் கூர்பே 1866இல் தன் சொந்த ஊரான ஓர்னான் பக்கத்துப் பனிவெளியில் ஒரு கிழவியைத் தீட்டினார். முதுகில் சுள்ளிக்கட்டு, கையில் பிடித்த கயிற்றில் நடக்க மறுக்கும் ஓர் ஆடு, கூடவே ஒரு சிறுமி. மாடு வைக்க வக்கில்லாதவருக்கே ஆடு என்பது அந்தப் பகுதியில் படம் பார்த்த எவருக்கும் விளங்கியிருக்கும். சுள்ளி பொறுக்கும் உரிமைக்கே காட்டு அதிகாரிகளோடு குடியானவர்கள் மல்லுக்கு நின்ற காலம் அது.

ருஷ்யாவில் வசீலி பெரோவ் அதற்கு ஓராண்டு முன்பே இன்னும் கடுமையான ஒன்றைச் செய்திருந்தார். ‘இறுதிப் பயணம்’ என்று அறியப்படும் அவருடைய 1865ஆம் ஆண்டுப் படம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் உயரமே உடையது. சறுக்குவண்டியில் பாயால் சுற்றிய சவப்பெட்டி. அதன் இருபுறமும் இரண்டு குழந்தைகள். முன்னால் கடிவாளத்தைப் பிடித்திருக்கும் தாய். அவள் முகம் நமக்குத் தெரியாது, குனிந்த முதுகு மட்டுமே தெரியும். மேடேறும் மெலிந்த குதிரையின் முதுகும் அதே வளைவில் இருக்கிறது. துக்கத்தைச் சொல்ல முகம் வேண்டியதில்லை, இரண்டு முதுகுகள் போதும் என்ற முடிவுதான் இந்தப் படத்தின் வலிமை. மறு ஆண்டு பெரோவ் தீட்டிய ‘மூன்று குதிரை வண்டி’யில் குதிரையே கிடையாது. பட்டறையில் வேலை பழகும் மூன்று சிறுவர்கள் உறைந்த நீர்ப்பீப்பாயைப் பனித்தெருவில் இழுத்துப்போகிறார்கள். இரண்டும் மாஸ்கோவின் திரெத்தியாகோவ் காட்சியகத்தில் இருக்கின்றன. அடுத்தடுத்துப் பார்க்க வேண்டியவை. ஆல்ப்ஸ் மலையில் ஜியோவானி செகந்தீனி தன் கடைசி ஆண்டுகளில் தீட்டிய முப்படத் தொகுதியின் ‘மரணம்’ பகுதியிலும் இதே குதிரை வருகிறது. குடிசையிலிருந்து வெளிவரும் சவத்துக்காகப் பனியில் சறுக்குவண்டியோடு காத்து நிற்கிறது. 1899இல் அந்தத் தொகுதியின் வேலைக்காக மலையேறிய இடத்திலேயே, 41 வயதில், செகந்தீனி இறந்தார்.

அமெரிக்காவில் இந்தக் கடுமை எடுபடவில்லை. கனெக்டிகட் மாநிலத்து ஜார்ஜ் ஹென்றி டியூரி பனி மூடிய பண்ணை முற்றங்களையும் விறகு இழுக்கும் எருதுகளையும் அமைதியான காட்சிகளாகத் தீட்டினார். நியூயார்க்கின் கரியர் அண்ட் ஐவ்ஸ் நிறுவனம் அவற்றைக் கல்லச்சில் அடித்து, கையால் வண்ணம் பூசி, சாதாரண வீடுகளும் வாங்கும் விலையில் விற்றது. பனிக்கால ஓவியம் பணக்காரர் வீட்டைத் தாண்டியது இந்த வழியில்தான்.

இதற்கிடையே ஓவியரின் கைப்பொருள்களும் மாறியிருந்தன. 1841இல் அமெரிக்க ஓவியர் ஜான் கோஃப் ராண்ட் பிதுக்கக்கூடிய தகரக் குழாயில் வண்ணத்தை அடைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிவைத்த வண்ணத்தை ஊசியால் குத்திப் பிதுக்கி எடுப்பார்கள். திறந்தால் சீக்கிரம் காய்ந்துவிடும். தங்க விலை விற்ற நீலத்துக்குப் பதிலாகக் கோபால்ட் நீலமும் செயற்கை அல்ட்ராமரினும் மலிவாகக் கிடைத்தன. வெயில் நாளில் பனியின் நிழல் சாம்பல் நிறமில்லை, நீலம் என்பதை வெளியில் நின்று பார்த்து அங்கேயே தீட்ட முடிந்தது. அந்த நீல நிழல் வந்த பிறகு செம்மறிக்கு யோகம் அடித்தது. அறைக்குள் வெள்ளையாகத் தெரியும் ஆடு, பனியின்மேல் மஞ்சளும் பழுப்புமாக அழுக்கேறித் தெரியும். நீலத்துக்கு எதிரே அந்தக் கதகதப்பான நிறம் எடுப்பாக நிற்கும். பன்றியோ குதிரையோ தராத வண்ண வாய்ப்பு இது.

அதைப் பயன்படுத்தியவர்களில் ஒருவர் ஒல்லாந்தின் ஆன்டன் மாவ். உறவுமுறையில் வான்கோவுக்கு நெருக்கமானவர், ஹேக் நகரில் அவருக்குச் சிறிது காலம் ஆசிரியராகவும் இருந்தவர். பொட்டல்வெளியிலும் பனியிலும் மந்தையை ஓட்டிச்செல்லும் மேய்ப்பர் அவருடைய படங்களில் நிரந்தரமாகிவிட்டார். அமெரிக்கர்கள் போட்டிபோட்டு வாங்கினார்கள். ஆடுகள் முகம் காட்டி எதிரே வரும் படத்துக்கு ஒரு விலை, முதுகு காட்டிப் போகும் படத்துக்கு அதைவிடக் குறைந்த விலை என்று சந்தையில் பிரித்துப் பேசும் அளவுக்குப் போனது. அதே ஆண்டுகளில் அந்தப் பொட்டல்வெளி மந்தைகள் உண்மையில் அருகிக்கொண்டிருந்தன. இரவில் தொழுவத்தில் சேரும் ஆட்டெருவுக்காகவே அங்கே பெருமளவில் ஆடு வளர்த்தார்கள். ரசாயன உரமும் கடல் கடந்து வந்த மலிவான கம்பளியும் அந்தத் தேவையைக் கரைத்துவிட்டன. மந்தை குறையக் குறையப் படம் விற்றது.

ஸ்காட்லாந்தில் ஜோசப் ஃபர்குவார்சன் இந்தப் பொருளிலேயே ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் செலவிட்டார். அபர்தீன்ஷயரில் ஃபின்சீன் பண்ணை அவருடைய குடும்பச் சொத்து. பனியும் ஆடும் வாசலிலேயே இருந்தன. ஆனால் பனிப்புயலில் கேன்வாசை நிறுத்தி எண்ணெய் வண்ணம் தீட்ட முடியாது. வண்ணம் கட்டியாகும், விரல் மரத்துப்போகும். ஆகவே சக்கரம் வைத்த ஒரு மரக்குடில் செய்துகொண்டார். உள்ளே அடுப்பு, முன்னால் பெரிய கண்ணாடிச் சன்னல். பிடித்த இடத்துக்கு அதை இழுத்துப்போய் நிறுத்தி, உள்ளே சூட்டில் உட்கார்ந்து தீட்டுவார். ஆடுகள் நிற்கச் சொன்ன இடத்தில் நிற்காது என்பதால் பொம்மை ஆடுகளையும் செய்வித்து, வேண்டிய இடத்தில் பனியில் நட்டுவைத்தார்.

இதைக் கேட்டு ஏமாற்று என்று நினைக்கத் தேவையில்லை. 1883இல் அவர் காட்சிக்கு வைத்து, இப்போது டேட் காட்சியகத்தில் உள்ள ‘களிப்பற்ற குளிர்கால நாள்’ படத்தில் புயலுக்குள் மேய்ப்பரும் நாயும் மந்தையும் பாதி மறைந்து நிற்பது பனிப்புயலை நன்றாகத் தெரிந்துகொண்டவர் தீட்டியது. புயலில் ஆடுகள் சுவரோரம் ஒதுங்கும். அங்கேதான் பனி ஆளுயரம் குவியும். புதைந்த ஆட்டை நாய் மோப்பம் பிடிக்க, மேய்ப்பர் நீண்ட கழியால் குத்திப் பார்த்துத் தோண்டி எடுப்பார். மேய்ப்பராயிருந்து எழுத்தாளரான ஜேம்ஸ் ஹாக், 1794 ஜனவரிப் பனிப்புயலில் தெற்கு ஸ்காட்லாந்தில் 17 மேய்ப்பர்கள் மாண்டதாக எழுதிவைத்திருக்கிறார்.

ஃபர்குவார்சனுக்குக் கிடைத்த பட்டப்பெயர் ‘உறைந்த ஆட்டிறைச்சி’. அந்தக் கேலிக்குச் சூடு ஏற்றியது அன்றைய இறைச்சிக் கடை. ‘களிப்பற்ற குளிர்கால நாள்’ காட்சிக்கு வருவதற்கு முந்தைய ஆண்டு, 1882 மே மாதம், நியூசிலாந்திலிருந்து ‘டனீடின்’ என்ற பாய்மரக் கப்பல் ஏறத்தாழ 5,000 உறைந்த விலங்குடல்களோடு லண்டன் வந்துசேர்ந்தது, பெரும்பாலும் செம்மறி. எந்த மாதத்திலும் எங்கோ அறுத்த இறைச்சி நகரத்துக்குக் கிடைக்கத் தொடங்கியது. டிசம்பர் என்றால் பன்றி அறுப்பு என்ற பழைய கணக்கு நகரத்தாருக்குத் தேவையற்றதாயிற்று. பனியில் நிற்கும் ஆடு அவர்களுக்கு இனி உணவுக் கவலையை நினைவூட்டாது. மாலை வெயிலில் சிவக்கும் பனி, மரங்களுக்கிடையே ஒரு மந்தை, அவ்வளவே. சோப்பு வணிகர் லீவர் போர்ட் சன்லைட்டில் நிறுவிய காட்சியகத்தில் உள்ள ஃபர்குவார்சனின் 1903ஆம் ஆண்டுப் படம் அப்படிப்பட்டது. ஃபர்குவார்சன் 1915இல் ராயல் அகாடமியின் முழு உறுப்பினரானார், 1935இல் இறந்தார். அவருடைய செம்மறிகள் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் ஆண்டுதோறும் அச்சாகி வருகின்றன.